இரும்புக்கு மட்டும் கணக்கு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் சாலையில், புதுக்குடியிருப்பில், இலங்கை ராணுவம் ஒரு போர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. விடுதலைப் புலிகளிடமிருந்து பிடித்த சாமான்களை அங்கே அடுக்கியிருக்கிறார்கள். படகு, பீரங்கி, கண்ணிவெடி, இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த நீர்மூழ்கி. எல்லாம் வரிசையாக, கல்யாண வீட்டுச் சீர்த்தட்டு மாதிரி. துருப்பிடித்த இரும்புக்கு அப்படி ஒரு மரியாதை.

மனிதர்களுக்கு மட்டும் அங்கே இடம் இல்லை.

அவிநாசிக்காரனுக்கு இது உறுத்தும். எங்களுக்குக் கணக்குதான் எல்லாம். பனியன் கம்பெனியில் ஒரு டஜன் பீஸ் குறைந்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து தேடுவோம். அந்தப் பழக்கத்தில் இந்த நாட்டின் கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

2009 தொடக்கத்தில், கடைசிப் போர் நடந்த வன்னியில் சிக்கியிருப்பது 70,000 பேர் அளவில்தான் என்றது கொழும்பு. அரிசியும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான் அளந்து போனது. மே மாதம் போர் முடிந்தது. பிழைத்தவர்களை மெனிக் பண்ணையிலும் மற்ற முகாம்களிலும் முள்வேலிக்குள் அடைத்து எண்ணினார்கள். 2,80,000-க்கும் மேல்! நாலு மாதம் குண்டு போட்ட பிறகு ஜனத்தொகை நாலு மடங்கு. உலக யுத்த வரலாற்றிலேயே குண்டு போடப் போட மக்கள் பெருகியது இங்கே மட்டும்தான்.

அரசாங்கத்துக்குக் கழித்தல் தெரியவில்லை. மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப்புக்குத் தெரிந்திருந்தது. 2011 ஜனவரியில், அரசாங்கமே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால், அரசு அலுவலகப் புள்ளிவிவரத்தையும் ஐ.நா. எண்ணிக்கையையும் வைத்தே அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. வெளியே வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே? மூன்றாம் வகுப்புக் கணக்கு. விடை இன்றுவரை வரவில்லை. ஐ.நா. நிபுணர் குழு 40,000 வரை செத்திருக்கலாம் என்றது. 70,000-க்கு மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்ற தகவலை ஐ.நா.வின் உள் விசாரணை குறித்தது. பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பதே எங்கள் கொள்கை என்றது கொழும்பு. கொள்கை நல்ல கொள்கைதான். பீரங்கிக்கு யாரும் படித்துக் காட்டவில்லை போல.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் வெற்றிச் சின்னம். குளத்து நடுவே பாறையைப் பிளந்துகொண்டு எழும் சிப்பாய். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் தேசியக் கொடி. துப்பாக்கி முனையில் ஒரு புறா. அந்தப் புறாவின் தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். இன்னும் கொஞ்சம் போனால் நந்திக்கடல். ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பிணங்களை விலக்கிக்கொண்டு நடந்து வந்த இடம். 'லகூன்ஸ் எட்ஜ்', அதாவது களப்பு ஓரம், என்கிற ஆங்கிலப் பெயரில் ராணுவம் அங்கே ஒரு விடுதி கட்டியது. களப்பைப் பார்த்த அறைகள். காலைச் சாப்பாடு சேர்த்தா, தனியா என்று நான் விசாரிக்கவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து இப்போது இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஜாஸ்தி. கண்டி, நுவரெலியா, சீதை கோயில், திரும்பும்போது கொழும்பில் ஷாப்பிங். வடக்கே வருகிறவர்கள் குறைவு. என்னோடு வந்தவர்களில் ஒருவர் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அந்த நீர்மூழ்கியை அவர் சுற்றிச் சுற்றி வந்தார். தகடு சேருகிற இடத்தில் விரலை வைத்துத் தடவினார். "வெல்டிங் சுத்தமா இருக்குதுங்க. கரண்டு இல்லாத ஊர்ல இதைய எப்படிப் பண்ணியிருப்பாங்க?" என்றார். அங்கே கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். காவலுக்கு நின்ற சிப்பாய்ப் பையன் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று சைகை காட்டினான். போர் முடிந்தபோது அவன் ஒன்றாம் வகுப்பில் இருந்திருப்பான். பட்டறைக்காரர் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எத்தன வயசுப் பசங்க போனாங்களோ" என்றார். அது எந்தப் பலகையிலும் இல்லை.

இருக்கவும் இருக்காது. புலிகளின் படகுக்குக் கூரை போட்ட அதே ராணுவம் கோப்பாயில் அவர்களுடைய கல்லறைத் தோட்டமான துயிலும் இல்லத்தை இடித்து நிரவியது. 2011-ல் அந்த இடத்தின் மேல் 51-ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டியது. செத்தவனின் துப்பாக்கிக்குக் கொட்டகை. செத்தவனுக்குப் புல்டோசர்.

எங்கள் ஊர்த் தலபுராணம் தமிழ்நாட்டுக்கே தெரியும். குளத்தில் குளிக்கப்போன பாலகனை முதலை விழுங்கிவிட்டது. சில வருடம் கழித்துச் சுந்தரர் அந்தத் தெரு வழியே வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்து மேளம். எதிர் வீட்டில் அழுகை. விசாரித்தால், செத்த பிள்ளை இருந்திருந்தால் அவனுக்கும் இன்று இதே வைபவம் நடந்திருக்கும். சுந்தரர் பாடினார். முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து உமிழ்ந்தது. விழுங்கிய வருடங்களுக்கு உண்டான வளர்த்தியோடு!

2009 மே மூன்றாம் வாரம் அதே இரண்டு வீடு. கொழும்புத் தெருவில் வெடி வெடித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். வட்டுவாகல் பாலத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். 2017 பிப்ரவரியிலிருந்து அந்தத் தாய்மார்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் போட்டோவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. பதில் தெரியாமலே பலர் செத்தும் போனார்கள். காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒன்று திறந்தார்கள். அலுவலகம் காணாமல் போகவில்லை. அது ஒன்றுதான் சாதனை. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார்: காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு செய்வோம். 2009-ல் பாதுகாப்புச் செயலாளர் யார்? அவரேதான். எங்கள் ஊர் முதலை பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஊர் முதலை சான்றிதழ் கொடுக்கிறது.

2025-ல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டினார்கள். 200-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு குழந்தையின் எலும்போடு நீல நிறப் பள்ளிக்கூடப் பை. அதற்கு எந்த அருங்காட்சியகத்தில் கொட்டகை போடுவார்கள் என்று தெரியவில்லை.

வென்றவர்கள் என்ன வாரிக் கட்டினார்கள், அதையும் பாருங்கள். வெற்றியைக் கொண்டாட 2009 நவம்பரில் ஆயிரம் ரூபாய் நோட்டு அடித்தார்கள். முன்பக்கம் கையைத் தூக்கி நிற்கும் மகிந்த ராஜபக்ச. 2022 ஏப்ரலில் நாடு திவால். வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெட்ரோலுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் மைல் கணக்கில் வரிசை. ஜூலை 9 அன்று சிங்கள இளைஞர்களே ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்தார்கள். கோட்டாபய மாலத்தீவுக்குப் பறந்தார். தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் ஏற்றிய முதல் கப்பல் அந்த வருடம் மே 18 அன்று சென்னையிலிருந்து கிளம்பியது. தேதியைக் கவனியுங்கள். கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்காலின் நினைவு நாள். அரிசி போனதில் தப்பில்லை, பசிக்கு இனம் கிடையாது. ஆனால் வன்னிக்கு அரிசியை அளந்து அனுப்பியவர்கள் அதை வாங்கி இறக்கும்போது என்ன நினைத்திருப்பார்கள்?

சரி, அடுத்தவன் வீட்டை இவ்வளவு நேரம் பார்த்தாயிற்று. நம் வீட்டுக்கு வருவோம்.

எண்பதுகளில் மேட்டூர் கொளத்தூர்ப் பக்கம் புலிகளுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. டெல்லிக்குத் தெரிந்தேதான். 1987-ல் அதே டெல்லி அமைதிப் படை என்று பெயர் வைத்து அனுப்பிய படை அவர்களோடேயே சண்டை போட்டது. நம் சிப்பாய்கள் 1,200 பேர் அளவில் செத்தார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நோயாளிகளும் சுடப்பட்டுச் செத்தார்கள். பயிற்சியும் நம் செலவு, படையெடுப்பும் நம் செலவு. வரி கட்டியது மட்டும் இரண்டு தரமும் நாம்தான்.

2009 தேர்தல் வருடம். போர் என்றால் மக்கள் சாவது நடப்பதுதான் என்று ஜனவரியில் சொன்ன ஜெயலலிதா, ஏப்ரலில் தனி ஈழம் அமைத்துத் தருவேன் என்றார். நடுவில் என்ன வந்தது? வேட்புமனு வந்தது. ஏப்ரல் 27 காலை முதல்வர் கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொண்டார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்துவிட்டதாம். அதற்கப்புறம் மூன்று வாரம் முள்ளிவாய்க்காலில் மேலேயிருந்து விழுந்தது என்ன, பூவா?

எங்கள் பக்கத்திலும் ஒன்று நடந்தது. மே 2 அன்று கோவை நீலாம்பூர் அருகே புறவழிச்சாலையில் போன ராணுவ லாரிகளை மறித்து அடித்தார்கள். இலங்கைக்கு ஆயுதம் போகிறது என்று சந்தேகம். பயிற்சி முடிந்து திரும்பும் வண்டிகள் என்றது ராணுவம். அடித்தது சரியா தப்பா என்று டீக்கடையில் ஒரு வாரம் பேசினோம். அடித்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். மேடையில் பேசியவர்கள் டெல்லிக்குப் போனார்கள்.

2013 நவம்பரில் தஞ்சாவூர் விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறந்தார்கள். திறப்பு விழா முடிந்த சில நாளில் அதன் சுற்றுச்சுவரையும் முன்புறப் பூங்காவையும் தமிழ்நாடு அரசு இடித்தது. ஆக்கிரமிப்பாம். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை ராத்திரியோடு ராத்திரியாக இடித்தார்கள். அனுமதி இல்லையாம். இரண்டு அரசாங்கத்துக்கும் எத்தனையோ விஷயத்தில் ஒத்துப்போகாது. ஜேசிபி விஷயத்தில் ஒத்துப்போகும்.

புலிகளின் நோட்டும் சுத்தமில்லை. 1990 அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு வைத்து விரட்டினார்கள். வடக்கு முழுக்க 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். கடைசி மாதங்களில் படிக்கிற பிள்ளைகளை இழுத்துப்போய்ச் சண்டையில் நிறுத்தினார்கள். தப்பி ஓடிய சொந்த ஜனங்களையே சுட்டார்கள். ஐ.நா. குழுவின் அறிக்கை இரண்டு தரப்புக் குற்றத்தையும் எழுதியிருக்கிறது. நம் மேடைகளில் ஒரு பாதியை வாசிக்கிறார்கள். கொழும்பில் மறு பாதியை வாசிக்கிறார்கள். இந்தப் பாகப்பிரிவினை மட்டும் தகராறு இல்லாமல் நடந்திருக்கிறது.

பிழைத்து வந்தவர்களை நாம் என்ன செய்தோம்? பவானிசாகர் முகாம் எங்களுக்கு அடுத்த மாவட்டம். தமிழ்நாட்டில் இப்படி நூற்றுச் சொச்சம் முகாம்கள். பத்துக்குப் பத்து வீட்டில் மூன்று தலைமுறை. 2021-ல் உதவித்தொகையைக் கூட்டினார்கள்: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. புது வீடும் கட்டத் தொடங்கினார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் செக்கிங் நாளில் ஆள் முகாமில் இருந்தாக வேண்டும். போலீஸின் கியூ பிராஞ்ச் வரும், பேர் கூப்பிடும், நிற்க வேண்டும். எண்ணுவதில் நமக்குக் குறை இல்லை. உயிரோடு இருப்பவர்களை முப்பது வருடமாக மாதாமாதம் எண்ணுகிறோம்.

2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான் இந்துவுக்கு உண்டு, வங்கதேச இந்துவுக்கு உண்டு, ஆப்கானிஸ்தான் இந்துவுக்கும் உண்டு. முருகனைக் கும்பிட்டு விபூதி பூசும் ஈழத்து இந்துவுக்குக் கிடையாது. 2025 மே 19 அன்று ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகள் எல்லோரும் வந்து தங்க இந்தியா தர்ம சத்திரம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அதற்கு நம் தலைவர்கள் விட்ட கண்டன அறிக்கைகளில் அனல் பறந்தது. நான் படித்த எந்த அறிக்கையிலும், இங்கே பிறந்த பிள்ளைக்கு எந்தத் தேதிக்குள் குடியுரிமை வாங்கித் தருவோம் என்று ஒரு வரி இல்லை.

முகாம் ஆட்களில் பலர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். போன தேர்தல் சமயத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கட்சி சுவர் பிடித்தது. வெள்ளையடிக்க வந்த பையன் முகாமில் பிறந்தவன். பேச்சில் கொங்கு இழுப்பு, "ஏனுங்க"தான். மூன்று கோட் அடித்து முடித்ததும் எழுத்து எழுதுகிறவர் வந்து, ஈழத் தமிழர் உரிமை காக்க இந்தச் சின்னத்துக்கு வாக்களியுங்கள் என்று ஆளுயரத்துக்கு எழுதினார். பையன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே படித்தான். "நாளைக்குச் செக்கிங்குங்க, கூலிய இன்னைக்கே குடுத்துருங்க" என்றான். கூலியில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். கேட்க அவனுக்கு ஓட்டு இல்லை.