ரூம் போடுகிற சித்தப்பா

யாராவது கோணல் வேலை செய்தால் 'ரூம் போட்டு யோசிப்பாங்களோ' என்று கேட்பது நம் ஊர் வழக்கம். எங்கள் சித்தப்பா ரூம் போடுவதற்கே மூன்று மாதம் யோசிப்பவர்.

வேலூரிலிருந்து திருப்பதி 100 கி.மீ. சொச்சம். காட்பாடியில் ரயில் ஏறினால் சித்தூர், பாகாலா தாண்டி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். தாத்தா காலத்தில் கட்டுச்சாதம், ஒரு ஜமக்காளம், ஒரு 'கோவிந்தா', அவ்வளவுதான் ஏற்பாடு. ஸ்டேஷனுக்குப் பின்னால் சத்திரத்தில் இடமிருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வாசலில். சித்தப்பா அப்படியில்லை. புரட்டாசியில் போவதென்றால் ஆனியிலேயே நோட்டைப் பிரித்துவிடுவார்.

நோட்டில் மூன்று கட்டம்: தேவஸ்தானம், லாட்ஜ், ஹோம்ஸ்டே. ஐந்து நட்சத்திரம் போட்டுப் பாராட்டியவர்களை அவர் நம்புவதில்லை. "ஓனரோட மச்சானா இருப்பான்." ஒற்றை நட்சத்திரக்காரர்களைத்தான் தேடிப் பிடித்துப் படிப்பார். ஒருவர் கொசு என்று எழுதியிருந்தால், அது எந்த மாதத்துக் கொசு என்று தேதி பார்ப்பார். கட்டிலை அகல அகலமாகப் படம் பிடித்துப் போட்டிருந்தால், "பாத்ரூமை ஏன் காட்டலை?" 'கோயிலுக்கு நடக்கிற தூரம்' என்றிருந்தால், "எந்தக் கோயில்?" இது நியாயமான கேள்வி. ஊருக்குள் கோவிந்தராஜர் இருக்கிறார், திருச்சானூரில் தாயார், அலிபிரி போகிற வழியில் கபிலதீர்த்தம். மலையப்பனும் நடக்கிற தூரம்தான், அலிபிரியிலிருந்து 3,550 படி.

பிறகு போன் போடுவார். அவருடைய தெலுங்கு, தமிழில் பேசிக் கடைசியில் 'அண்டி' சேர்ப்பது. "வெந்நீர் வஸ்துந்தா அண்டி? எத்தனை மணி வரைக்கும் அண்டி?" எதிர்முனையில், "வரும் சார், காலைல அஞ்சுலேர்ந்து எட்டு" என்று சுத்தத் தமிழில் பதில் வரும். சித்தப்பா விடமாட்டார். "சால சந்தோஷம் அண்டி."

முதல் வருடம் அவர் ஹோம்ஸ்டே கட்சி. அதற்குத் தலபுராணத்திலிருந்தே சாட்சி வைத்திருந்தார். "பெருமாளே வாடகைக்கு வந்தவர்தான்டா. மலை வராக சுவாமியோடது. முதல் தரிசனம், முதல் நைவேத்தியம் உங்களுக்குன்னு ஒப்பந்தம் பண்ணி இடம் வாங்கினாரு. வகுளமாலிகை அம்மா சமைச்சுப் போட்டாங்க. அது என்ன, லாட்ஜா? கல்யாணம் ஆனதும் ஆறு மாசம் மலையேறக் கூடாதுன்னு சீனிவாச மங்காபுரத்துல அகஸ்தியர் ஆசிரமத்துல தங்கினாங்களே, அது என்ன?"

சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அங்க சமைச்சது யாரு?"

அந்தக் கேள்வியில்தான் அத்தனை கணக்கும் இருக்கிறது என்பது பிறகு எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் போய் இறங்கியது அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு. சாவி செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில். ஆள் யாரும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்பில். அடுப்பு இருந்தது, குக்கர் இருந்தது, சித்தியும் இருந்தாள். "ஓட்டல் காசு மிச்சம்" என்று சித்தப்பா கையைத் தேய்த்துக்கொண்டு அரிசி வாங்கப் போனார். "வேலூர்லயும் நான்தான், திருப்பதிக்கு வந்தும் நான்தானா? இதுக்கு நான் அங்கேயே நின்னு கும்பிட்டிருப்பேனே" என்று சித்தி குக்கரோடு சேர்ந்து விசில் விட்டாள். போதாக்குறைக்குப் பதினோரு மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். எப்போது வெளியே வருவோம் என்று வரிசையில் நிற்கிறவனுக்கே தெரியாது, வாட்ஸ்அப்காரருக்கு எப்படிச் சொல்வது?

இரண்டாம் வருடம் லாட்ஜ். திருப்பதி லாட்ஜுகளில் பல 24 மணி நேரக் கணக்கு. ஊரின் நாடித்துடிப்பு தெரிந்தவர்கள். சித்தப்பா 7.10க்கு உள்ளே போனால் ரிசப்ஷன் கடிகாரத்தை மட்டுமல்ல, என் கைக்கடிகாரத்தையும் சாட்சிக்கு அழைப்பார். அறை இரண்டு பேருக்கு. நாங்கள் ஏழு பேர். முதலில் சித்தப்பாவும் சித்தியும் போவார்கள். பத்து நிமிடம் கழித்து 'பார்த்துவிட்டுப் போக வந்த' இருவர். அப்புறம் 'பையைக் கொடுக்க வந்த' மூவர். மீசை அரும்பும் வரை லாட்ஜ் கணக்கில் எனக்கு வயது ஐந்து. ரிசப்ஷனில் இருந்தவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் பில்லில் மூன்று எக்ஸ்ட்ரா பெட் போட்டார். "இதுவே ஹோம்ஸ்டேயா இருந்தா யாரு கேக்கப் போறாங்க?" என்றார் சித்தப்பா. ஹோம்ஸ்டேயில் இருந்தபோது, "லாட்ஜா இருந்தா ஒரு பெல் அடிச்சா காபி வரும்" என்றவரும் இவர்தான்.

அடுத்தது மலைமேல். அங்கே தேவஸ்தானம், அதை விட்டால் மடங்கள். தேவஸ்தானத்தில் 50 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் அறை உண்டு. ஆன்லைனில் மூன்று மாதம் முன்பே திறப்பார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் தீர்ந்துவிடும். எப்படியோ அந்த வருடம் கிடைத்துவிட்டது. 2023 மார்ச்சிலிருந்து அறை எடுக்கும்போது முகத்தைப் படம் பிடிக்கிறார்கள். காலி செய்கையில் அதே முகம் போய் நின்றால்தான் டெபாசிட். புரோக்கர்களை ஒழிக்க வந்த ஏற்பாடு, பலே என்று பாராட்டிவிட்டுத்தான் சித்தப்பா வெளியே வந்தார். மொட்டை போடுகிற கல்யாணகட்டா வாசலில் சட்டென்று நின்றுவிட்டார்.

"நீங்க அடிச்சுக்கோங்க. நான் ரூமை விட்டப்புறம் வரேன்."

"ஏங்க?"

"மொட்டையில மெஷினுக்கு என்னை அடையாளம் தெரியலைன்னா?"

"பெருமாளுக்குத் தெரியும், வாங்க."

"டெபாசிட் பெருமாளா தரப்போறாரு?"

ஐந்து மொட்டைகளுக்கு நடுவே எண்ணெய் வைத்து வாரிய கிராப்போடு அவர் தரிசனத்துக்கு வந்தார். பக்கத்தில் நின்ற குண்டூர்க் குடும்பம் அவரை எங்கள் வேன் டிரைவர் என்றே நினைத்துவிட்டது.

இத்தனைக்கும், மூன்று முறையும் எடுத்த அறையில் படுத்தது எங்கள் பெட்டிகள்தான். ராத்திரி முழுக்க நாங்கள் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ் கம்பார்ட்மெண்டில். ஏகாந்த சேவை முடிந்து பெருமாள் கண்ணயர்வது நள்ளிரவுக்கு மேல், மூன்று மணி வாக்கில் சுப்ரபாதம். குடியிருப்பவருக்கே அவ்வளவுதான் தூக்கம். கீழே அண்ணன் கோவிந்தராஜர், தம்பியின் குபேரக் கடனுக்குக் காசளந்து களைத்து, மரக்காலையே தலைக்கு வைத்துப் படுத்திருப்பதாகச் சொல்வார்கள். தலையணை உறையை முகர்ந்து பார்த்து வாங்கும் எங்கள் சித்தப்பாவோ, யாரோ ஒருவருடைய மஞ்சப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில், குழந்தைகள் அழ, பால் வாளி சத்தமிட, அப்படியொரு குறட்டை விட்டார். அவர் வீட்டில்கூட அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டிருந்தார். திருட்டுத்தனமாகப் பார்த்தேன்.

'கம்பார்ட்மெண்ட். வாடகை இல்லை. பால், உப்புமா உண்டு. எத்தனை பேர் என்று கேட்பதில்லை. செக்-அவுட்: அவர்களே கதவைத் திறந்துவிடுவார்கள், நேரம் மட்டும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான்கு நட்சத்திரம். சுவர் ஓரம் கிடைக்காததால் ஒன்று குறைத்தேன்.'