ஊரெல்லாம் ஆரஞ்சு

கே: நெதர்லாந்தில் அரசர் பிறந்தநாளுக்கு நாடே தெருவுக்கு வந்துவிடுமாமே, என்றைக்கு?

ப: ஏப்ரல் 27. அரசர் வில்லெம் அலெக்சாந்தர் 1967இல் பிறந்த நாள். ‘கோனிங்ஸ்டாக்’, அதாவது அரசர் நாள், என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் சனிக்கிழமையே கொண்டாடிவிடுவார்கள். 2014இல் வந்த முதல் அரசர் நாளே அப்படி 26ஆம் தேதிக்குப் போனதுதான். அதற்கு முன்பு ஏப்ரல் 30இல் அரசி நாள் இருந்தது. அந்தப் பழைய தேதியை நம்பி ஆரஞ்சுச் சட்டையோடு வந்திறங்கி விழிக்கும் வெளிநாட்டவருக்கென்றே டச்சு மொழியில் ஒரு சொல் பிறந்திருக்கிறது.

கே: கொடியில் இருப்பது சிவப்பு, வெள்ளை, நீலம். உடம்பில் மட்டும் ஏன் ஆரஞ்சு?

ப: அது அரச குடும்பத்தின் பெயர். தெற்கு பிரான்சில் ஒராஞ்ச் என்றொரு சிற்றரசு இருந்தது. 1544இல் உறவினர் ஒருவர் இறக்க, அது வில்லியம் என்ற 11 வயதுச் சிறுவனுக்கு வந்து சேர்ந்தது. ஸ்பெயினின் ஆட்சிக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சிக்குப் பின்னாளில் தலைமை தாங்கியவர் அவர்தான். ஊர்ப் பெயரும் பழத்தின் பெயரும் ஒன்றாக ஒலித்ததால் நிறமும் ஒட்டிக்கொண்டது. அரசர் நாளன்று கொடிக்கு மேலேயும் ஓர் ஆரஞ்சு நாடா பறக்கும்.

கே: கேரட் ஆரஞ்சு நிறமானதும் அந்த வில்லியமின் நினைவாகத்தானா?

ப: கதை நன்றாக இருக்கிறது. ஆதாரம் இல்லை.

கே: அன்றைக்கு மக்கள் அரண்மனைக்குப் போவார்களா?

ப: யூலியானா அரசியின் காலத்தில் போனார்கள். சூஸ்டைக் அரண்மனைப் படிகளில் அவர் குடும்பத்தோடு நிற்பார். மக்கள் பூவோடு வரிசையாகக் கடந்து போவார்கள். மகள் பெயாட்ரிக்ஸ் அரசியானபின் திசை மாறியது, அரச குடும்பம் மக்களைத் தேடி ஊர் ஊராகப் போகத் தொடங்கியது. 2023இல் ராட்டர்டாம், 2024இல் எம்மன். ஊர்க்காரர்கள் வைக்கும் விளையாட்டிலும் சேர்ந்துகொள்ள வேண்டும். 2012இல் ரேனன் ஊரில், அப்போது இளவரசராக இருந்த இன்றைய அரசர், கழிப்பறைக் கோப்பையைத் தூக்கி எறியும் போட்டியில் இறங்கினார்.

கே: தெருவெல்லாம் கடை விரிப்பார்களாமே, யார் வியாபாரி?

ப: யார் வேண்டுமானாலும்! விழாவின் உயிரே அதுதான். மற்ற நாளில் தெருவில் விற்க அனுமதிச் சீட்டு வேண்டும். அன்று வீட்டுப் பழம்பொருளை விற்க யாரும் சீட்டுக் கேட்பதில்லை. ‘ஃப்ரைமார்க்ட்’, கட்டில்லாச் சந்தை. பரணில் தூங்கிய பீங்கான் தட்டு, படித்து முடித்த புத்தகம், சிறுத்துப்போன சட்டை எல்லாம் நடைபாதைத் துணிவிரிப்பில் வந்து உட்காரும். நல்ல இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சாக்பீஸால் கட்டம் போட்டு ‘ஆள் இருக்கிறது’ என்று தரையில் எழுதிவிடுவார்கள். உட்ரெக்ட் நகரத்துக்குப் பொறுமை இல்லை. முதல்நாள் மாலை ஆறு மணிக்கே தொடங்கி விடிய விடிய விற்கும்.

ஆம்ஸ்டர்டாமில் வோண்டல் பூங்கா பிள்ளைகளின் ராஜ்யம். நேற்றுவரை கட்டிப்பிடித்துத் தூங்கிய கரடிப் பொம்மைக்கு விலை சொல்லும் ஏழு வயதுக் கடைக்காரர், பழகிய நான்கு ராகத்தையே திரும்பத் திரும்ப வயலினில் வாசித்துக் காசு சேர்க்கும் சிறுமி. பணம் எப்படி வருகிறது, பிடித்ததைக் கொடுத்துவிடுவது எப்படி இருக்கும் என்று இரண்டையும் ஒரே காலையில் கற்றுத்தருகிற பள்ளிக்கூடம் வேறெங்கே இருக்கிறது? அரசரின் ஊர்வலத்தைவிட எனக்கு இந்தத் துணிவிரிப்புதான் பெரிது.

கே: தின்பண்டம்?

ப: ‘டோம்பூஸ்’. மொறுமொறுப்பான இரண்டு அடுக்குக்கு நடுவே கெட்டியான கிரீம். மேலே வழக்கமாக இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு, அன்றைக்கு அதுவும் ஆரஞ்சு. பிள்ளைகளுக்குக் கயிற்றில் தொங்கும் மசாலா கேக்கைக் கை படாமல் கடிக்கும் போட்டி உண்டு.

கே: இந்த விழாவில் துயரமே நடந்ததில்லையா?

ப: நடந்தது. 2009இல் அப்பெல்டோர்ன் நகரில் அரச குடும்பம் வந்த பேருந்தைக் குறிவைத்து ஒருவர் கூட்டத்துக்குள் காரைச் செலுத்தினார். அங்கிருந்தவர்களில் 7 பேர் இறந்தார்கள், காரை ஓட்டியவரும் இறந்தார். அன்றைய கொண்டாட்டம் அத்தோடு நின்றது. அடுத்த ஆண்டே பெயாட்ரிக்ஸ் அரசி மிடில்பர்க் தெருக்களில் மக்களோடு நடந்தார். அந்த நடைக்கு நான் தலை வணங்குகிறேன்.

கே: பட்டத்து இளவரசி அமாலியா பிறந்தது டிசம்பர் 7. அவர் அரசியானால் கொட்டும் குளிரில் யார் கடை விரிப்பது?

ப: வழி குடும்பத்திலேயே இருக்கிறது. 1885இல் உட்ரெக்டில் குட்டி இளவரசி வில்ஹெல்மினாவின் 5ஆவது பிறந்தநாளாக விழா தொடங்கியபோது தேதி ஆகஸ்ட் 31. மகள் யூலியானா அரசியானபின் 1949இலிருந்து அவருடைய பிறந்தநாளான ஏப்ரல் 30. அடுத்து வந்த பெயாட்ரிக்ஸ் பிறந்ததோ ஜனவரி 31. அவர் தன் பிறந்தநாளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவின் தேதியை ஊருக்கு விட்டுக்கொடுத்தார். அமாலியாவுக்கு அவர் சொந்தப் பாட்டி.