குளிர்காலக் கங்கை முழுக்கில் தயக்கக் காலம்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள் மிகச் சிறியது. டிசம்பர் கடைசி வாரத்தில் கங்கைப் படித்துறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பஸ்தர், தண்ணீரைத் தொட்டுப் பார்த்த கணத்துக்கும் தலை முழுகும் கணத்துக்கும் நடுவே என்னவெல்லாம் செய்கிறார் என்பதே அது. இந்த இடைவெளியை இனி ‘தயக்கக் காலம்’ என்போம். வானிலையியல், நீர்ப்பாசனம், தர்மசாஸ்திரம் ஆகிய மூன்று துறைகளும் இதைத் தொட்டுச் சென்றிருக்கின்றனவே தவிர, உட்கார்ந்து ஆராய்ந்ததில்லை. உட்கார முடியாத அளவுக்குப் படிக்கட்டு ஜில்லென்று இருப்பது அதற்குக் காரணமாகலாம்.

மாதிரிக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கத்தது. பாட்டி, அவருடைய இரண்டு பிள்ளைகள் (இனி அப்பா, சித்தப்பா), அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்புப் பையன். பயணத் தடம் முசூரி, தேவப்பிரயாகை, ரிஷிகேசம், ஹரித்வார். காலம் அரையாண்டு விடுமுறை.

காலத்தைப் பற்றி முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். இமயத்தின் குளிரை நேரில் அறிந்த தெய்வங்கள் தீபாவளியை ஒட்டி மலையிறங்கத் தொடங்கிவிடுகின்றன. கங்கோத்ரியிலிருந்து கங்கையம்மன் முக்பா கிராமத்துக்கு வருகிறாள். 3,583 மீட்டர் உயரத்துக் கேதாரநாதர் ஊகிமட்டுக்கு வந்துவிடுகிறார். பத்ரிநாத்தின் வழிபாடு நவம்பரில் பாண்டுகேஷ்வருக்கும் ஜோஷிமட்டுக்கும் மாறுகிறது. தெய்வங்கள் இறங்கி முடித்துக் கதவைச் சாத்திய பிறகுதான் நம் குடும்பம் ஏறத் தொடங்குகிறது. ஏனெனில் தெய்வங்களுக்குப் பஞ்சாங்கம், குடும்பத்துக்குப் பள்ளிக்கூடத்தின் விடுமுறைப் பட்டியல். இந்த முரண்பாட்டில் சித்தப்பாவை மிகவும் வாட்டியது பத்ரிநாத் செய்தி. அங்கே கோயில் வாசலுக்குக் கீழேயே தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. பக்தர்கள் அதில் சுகமாகக் குளித்துவிட்டுத்தான் தரிசனத்துக்குப் போகிறார்கள். வெந்நீர் கிடைக்கும் இடத்துக்குக் கோடையில்தான் போக முடியும், குளிர்காலத்தில் எட்டுவதெல்லாம் பச்சைத் தண்ணீர்தான் என்ற ஏற்பாட்டில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாக அவர் கருதுகிறார்.

அடுத்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதன்படி ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலிருக்கும் முசூரி, 300 மீட்டரை ஒட்டியிருக்கும் ஹரித்வாரைவிடப் பதினோரு டிகிரி குளிர வேண்டும். குடும்பமும் அதை நம்பி மங்கி குல்லா, மஃப்ளர், இரண்டடுக்கு ஸ்வெட்டர் எல்லாவற்றையும் முசூரிக்கென்று ஒதுக்கியிருந்தது. நடந்தது வேறு. டிசம்பர், ஜனவரியில் சமவெளியின் மேல் குளிர்காற்று தேங்கிப் பனிமூட்டமாகக் கவிந்துகொள்ளும் நாட்கள் உண்டு. அன்றைக்கு மலைமேல் பளீரென்று வெயில் அடிக்கும், கீழே நண்பகலிலும் சூரியன் தென்படாது. முசூரி மால் ரோட்டில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்த அப்பா, ஹரித்வார் வந்ததும் லாட்ஜ் ரஜாயையே போர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போனார். சமவெளியின் தூசும் புகையும் இப்படி அடைபட்டுக் கிடப்பதால்தான் முசூரியில் குளிர்கால அந்தியில் மேற்கு வானில் கோடு கிழித்தாற்போல ஒரு பொய்த் தொடுவானம் தெரிகிறது. ஊர்க்காரர்கள் அதை ‘விண்டர்லைன்’ என்கிறார்கள். அது தெரிந்த நேரத்தில் நம் குடும்பம் அதற்கு முதுகைக் காட்டியபடி நாலாவது மங்கி குல்லாவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தது.

இனித் தண்ணீருக்கு வருவோம். பாகீரதியும் அலக்நந்தாவும் தேவப்பிரயாகையில் கூடி, அங்கிருந்துதான் கங்கை என்ற பெயர் பெறுகின்றன. மழைக்காலத்தில் சேறாக ஓடும் ஆறு, பனி உருகுவது குறைந்துவிடும் டிசம்பரில் தெளிந்து பச்சையாகத் தெரியும். அந்தத் தெளிவு மேலேயிருந்து பார்ப்பவரை ஏமாற்றும். இழுப்பின் வேகம் படித்துறைச் சங்கிலியைப் பிடித்து இறங்கிய பிறகுதான் காலுக்குத் தெரியும். சித்தப்பா தேவப்பிரயாகையில், “கூடுற இடத்துல சுழல் இருக்கும், ரிஷிகேசத்துல பாத்துக்கலாம்” என்றார். ரிஷிகேசத்தில், “ஹரித்வார்தான் விசேஷம்” என்றார். ஹரித்வாரில் ஹர் கி பௌடிப் படியில் நின்று, ஆற்றின் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு நீர்ப்பாசன வாதத்தை எடுத்தார்.

அந்த வாதம் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. ஹர் கி பௌடியை ஒட்டி ஓடுவது ஆற்றின் முதன்மைப் போக்கு அல்ல, அதிலிருந்து திருப்பிவிடப்பட்ட கிளை. ப்ரோபி காட்லி பொறுப்பேற்று வெட்டி, 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய் இந்த ஊரில்தான் தொடங்குகிறது. “அப்போ இது வாய்க்கா தண்ணிதானே? நம்ம கல்லணைக் கால்வாய்ல குளிச்ச மாதிரிதானே?” என்பது சித்தப்பாவின் கேள்வி. மறுப்பும் வரலாற்றிலேயே இருக்கிறது. படித்துறைக்குக் கங்கை தடையின்றி வந்தாக வேண்டும் என்று மதன் மோகன் மாளவியா முதலானோர் போராடி, 1916இல் அன்றைய அரசோடு உடன்பாடு கண்டார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொல்லப் பாட்டி அங்கே இல்லை. அவர் அதற்குள் தண்ணீரில் இருந்தார். மார்கழி விடியலில் காவிரியில் குளித்துப் பழகியவருக்குத் தயக்கக் காலம் அளக்கும்படியாக இல்லை. மூக்கைப் பிடித்தார், மூன்று முறை முழுகினார், எழுந்தார். பாட்டியைப் போன்றவர்களை இத்தகைய ஆய்வுகளில் விதிவிலக்காகக் கொள்வதே வழக்கம், இல்லாவிட்டால் ஆய்வே நிற்காது.

தோற்ற சித்தப்பா அடுத்துத் தர்மசாஸ்திரத்துக்குள் புகுந்தார். ஆய்வின் மையம் இதுதான். நீராடல் ஏழு வகை என்று சாஸ்திரங்கள் பிரிக்கின்றன: மாந்திரம், பௌமம், ஆக்னேயம், வாயவ்யம், திவ்யம், வாருணம், மானசம். ஏழில் வாருணம் ஒன்றுதான் தண்ணீரில் இறங்கி முழுகுவது. மற்ற ஆறுக்கும் உடம்பு நனைய வேண்டியதில்லை, அல்லது கொஞ்சமாக நனைந்தால் போதும். ஆறு வாய்ப்பு இருக்கும்போது ஏழாவதைத் தேடிப் போவானேன் என்று எந்த அறிவாளிக்கும் தோன்றும். ஆக்னேயம் என்பது திருநீறு பூசிக்கொள்வது. அது காலையிலேயே லாட்ஜில் முடிந்துவிட்டது. பௌமம் மண்ணைப் பூசிக்கொள்வது. தேவப்பிரயாகைப் படியில் சறுக்கி விழுந்ததில் முழங்கால் இரண்டிலும் சேறு அப்பியதை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். வாயவ்யத்துக்குப் பசுவின் குளம்படித் தூசி மேலே பட வேண்டும். ரிஷிகேசத்துச் சுவர்காசிரமச் சந்தில் பசு ஒன்று எதிரே வந்தபோது எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொள்ள, சித்தப்பா மட்டும் நடுச்சந்தில் அசையாமல் நின்றார். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். முந்தின நாள் தூறலில் தரை ஈரமாக இருந்ததால் தூசி எழவில்லை, ஆனால் சாணம் பட்டது. திவ்யம் எல்லாவற்றிலும் அருமையானது, வெயில் அடிக்கும்போதே பெய்யும் மழையில் நனைவது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகளால் வட இந்தியாவில் குளிர்கால மழை உண்டு என்பதைப் படித்துவிட்டு, அவர் கைபேசியில் வானிலையை நாள் முழுக்க நோண்டிக்கொண்டிருந்தார். மழை வந்தால் வெயில் போய்விட்டது. மாந்திரம் என்பது மந்திரம் சொல்லித் தலையில் நீரைத் தெளித்துக்கொள்வது. மந்திரம் தெரியாததால் தெளிப்போடு நின்றது. மானசம் மனத்தாலேயே நீராடுவது. ரஜாய்க்குள் படுத்தபடியே செய்ய முடியும் என்பதால் இதில் அவர் நல்ல தேர்ச்சி பெற்றார்.

இந்தப் பட்டியலைக் கேட்ட பாட்டி தலையைத் துவட்டிக்கொண்டே தீர்ப்பளித்தார்: “அதெல்லாம் ஒடம்பு முடியாதவங்களுக்குச் சொன்னதுடா. உனக்கென்ன? காலைல ஆலு பூரி மூணு தட்டு உள்ள போச்சே.” சாஸ்திரமும் அதையேதான் சொல்கிறது.

“நம்ம தெக்கத்தி ஒடம்புக்கு இந்தக் குளிர் ஒத்துக்காதும்மா” என்ற கடைசி வாதமும் நிற்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேசம் வந்து சேர்ந்த சுவாமி சிவானந்தர், குளிர்கால விடியலில் இடுப்பளவு கங்கையில் நின்று ஜபம் செய்தவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. திருநெல்வேலி தஞ்சாவூருக்கும் தெற்கே இருக்கிறது.

அப்பாவின் வழி வேறு. அவர் வாதாடவில்லை, முதல் படியில் நின்று பாதத்தை மட்டும் நனைத்து, “பழகட்டும்” என்றார். உடம்பியல் இதை ஓரளவு ஆதரிக்கிறது. ஒரே குளிர்ச்சியுள்ள காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். திடீரென்று இறங்கினால் மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போது தலை நீருக்குள் இருந்தால் ஆபத்து. இங்கே ஒரு கருதுகோள்: ‘ஹர் ஹர் கங்கே’ என்று கத்திக்கொண்டு இறங்குகிறார்களே, கத்தும்போது மூச்சு வெளியேதான் போகும். முழக்கத்துக்குப் பக்தியோடு இப்படி ஒரு பயனும் இருக்கலாம். அப்பா கத்தினார், ஆனால் முழங்கால் வரை போய்விட்டுத் திரும்பும்போது கத்தினார். இறுதியில் அவரை உள்ளே தள்ளியது பையன் தெளித்த தண்ணீர். நனைந்த பிறகு தயங்க ஒன்றுமில்லை. எழுந்தவுடன், பல் கிடுகிடுக்க, கரையிலிருந்த தம்பியைப் பார்த்து, “தண்ணி வெதுவெதுன்னு இருக்குடா, வா!” என்றார். நனைந்தவர் நனையாதவரிடம் சொல்லும் இந்தப் பொய் எல்லாப் படித்துறைகளிலும் எல்லா மொழிகளிலும் ஒலிப்பது. மகள் ஒருத்திதான் இரண்டு தடவை இறங்கினாள், முதல் ரீல் சரியாகப் பதிவாகவில்லை என்பதால்.

ஆய்வு இடறும் இடம் அம்மா. இரண்டு மணி நேரமும் அவர் படியின் மேலே செருப்புகள், ஐந்து பேரின் மாற்றுத் துணி, கைபேசிகள், மூக்குக் கண்ணாடிகள், ஹரித்வார் கடையில் வாங்கிய கங்காஜல கேன்கள் எல்லாவற்றுக்கும் காவலாக நின்றார். அவரவர் தயங்கியதும் பின்வாங்கியதும் அந்தக் காவல் நீடிக்கும் என்ற தைரியத்தில்தான். பையை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி ஆண்களுக்கு எழவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கடைசியில் பாட்டி, “நீ எப்ப குளிக்கப் போறே?” என்று கேட்டதற்கு, “நான் விடியக்காலை நாலரைக்கே வந்து குளிச்சுட்டுப் போயிட்டேன் அத்தை. நீங்க எல்லாரும் எந்திரிக்கறதுக்குள்ள துணியும் அலசியாச்சு” என்றார்.

போட்டோ எடுக்காத முழுக்கு செல்லாது என்று சித்தப்பா ஆட்சேபித்தார். பாட்டி அந்த வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவே மறுத்து, மருமகள் கையிலிருந்த பையை வாங்கிச் சித்தப்பாவின் தோளில் மாட்டிவிட்டார்.