புளூ எட்டு, புஷ்ஷிங், டூ ஷாட்ஸ்

எங்கள் அதியமான்கோட்டையில் யாரும் எதையும் நேராகச் சொல்லிவிட மாட்டார்கள். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் ஆரம்பித்து வைத்தது. தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டினான். ஔவையார் சுற்றிப் பார்த்தார். உன் ஆயுதங்கள் பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவலோடு பத்திரமாக இருக்கின்றன. எங்கள் ஆளுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு தொண்டைமான் சிரித்தானா, படுத்த பிறகு அர்த்தம் புரிந்து எழுந்து உட்கார்ந்தானா என்று பாட்டில் இல்லை.

அந்த மரபு இன்னும் சாகவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "உங்க முருங்கை இந்த வருசம் நல்லா பரவுது போல" என்றால் அது விசாரிப்பு இல்லை, புகார். கிளை அவர் ஓட்டின்மேல் சாய்ந்திருக்கிறது, நான் வெட்டவில்லை, அவர் கோபமாக இருக்கிறார், நாளைக்கு அவரே வெட்டப்போகிறார், காயும் அவருக்குத்தான். இத்தனையையும் அந்த ஒரு வரியிலிருந்து நானே உரித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படி வளர்ந்தவனைக் கொண்டுபோய்க் கூடைப்பந்து மைதானத்தில் உட்கார வைத்தாள் என் தம்பி மகள். தருமபுரியில் பள்ளி அணிக்கு ஆடுகிறாள். அவள் அப்பனுக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. ஆகவே ஆட்டம் என்றால் குடும்பத்தின் சார்பில் கைதட்டப் போவது பெரியப்பாவின் பொறுப்பு. எனக்குத் தெரிந்த விளையாட்டு கபடி. அதில் தொட்டானா இல்லையா என்பதை ஊரே எழுந்து நின்று கத்தும். தனியாகச் சைகை தேடிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

இங்கே அப்படி இல்லை. சாம்பல் சட்டை போட்ட ஒல்லி மனிதர் விசில் அடித்தார். முஷ்டியை நேராக மேலே தூக்கினார். ஸ்கோரர் மேசைக்கு எதிரே ஓடிவந்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றார். ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் மூன்று. அடுத்து இரண்டு கையாலும் காற்றைத் தள்ளினார். கடைசியில் இரண்டு விரல். வாயும் கூடவே, "புளூ எட்டு, புஷ்ஷிங், டூ ஷாட்ஸ்" என்றது. யார், என்ன செய்தார், என்ன தண்டனை, மூன்றும் முடிந்தது. மூச்சு வாங்கும் நேரம்கூட ஆகவில்லை. எங்கள் பூர்வீக நிலத்துத் தகராறில் இந்த மூன்றில் முதல் கேள்விக்கே இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அன்றிலிருந்து நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

"பெரியப்பா, விசில் அடிச்சதும் கையைப் பாருங்க. மூடியிருந்தா ஃபவுல். விரிச்சிருந்தா வயலேஷன்" என்று பாடம் எடுத்தாள் பெண். ஆள்மேல் மோதினால், இடித்தால், பிடித்தால் ஃபவுல். பந்தைத் தட்டாமல் நடந்தால், எல்லைக்கு வெளியே போனால், எதிராளியின் கூடைக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் குடியிருந்தால் வயலேஷன். இரண்டுக்கும் கை மேலேதான் போகும். கடிகாரத்தை நிறுத்து என்று மேசைக்குச் சொல்வதும் அந்தக் கைதான். நடந்துவிட்டால் இரண்டு முஷ்டியையும் ஒன்றையொன்று சுற்றவிடுவார்கள். பிடித்து இழுத்தால் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக் காட்டுவார்கள். பந்தோடு வந்து இடித்தால் விரித்த உள்ளங்கையில் முஷ்டியால் ஒரு குத்து.

வழிமறித்தால், அதாவது பிளாக்கிங் என்றால், இரண்டு கையும் இடுப்பில். இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் நிலைப்படியில் இடுப்பில் கைவைத்து நின்றால், அதற்குமேல் யாரும் உள்ளே போக முடியாது.

டி வடிவத்தில்தான் கொஞ்சம் குழப்பம். ஒரு உள்ளங்கைக்கு நேராக மறுகையின் ஆள்காட்டி விரலை வைத்தால் டைம் அவுட். இரண்டு உள்ளங்கையாலும் டி போட்டால் டெக்னிக்கல் ஃபவுல். நடுவரிடம் மரியாதை கெட்டுப் பேசினால் கிடைப்பது. இரண்டில் எதைக் காட்டினாலும் என் பக்கத்தில் இருந்த பெரியவர் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கீழே விழுந்து நடிப்பவர்களுக்கும் ஒரு சைகை உண்டு. முன்கையை இரண்டு தரம் மேலே தூக்கினால், 'நீ நடிக்கிறாய்' என்று அர்த்தம். இதைச் சட்டசபையிலிருந்து சீரியல் வரைக்கும் பயன்படுத்தலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது எண் காட்டும் சாமர்த்தியம். முன்பெல்லாம் சர்வதேச ஆட்டங்களில் சட்டை எண் 4இல் தொடங்கி 15இல் முடிந்துவிடும். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல் எல்லாம் புள்ளிக்கும் ஃப்ரீ த்ரோவுக்கும் போய்விட்டன; அதையே ஆளுக்கும் காட்டினால் மேசையில் குழப்பம் வரும். அமெரிக்கக் கல்லூரிகள் இன்னும் ஒருபடி மேலே போய், சட்டையில் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களே கூடாது என்று 2023 வரைக்கும் வைத்திருந்தன. ஒரு கைக்கு ஐந்து விரல்தானே! நடுவருக்கு எண்ணத் தோதாக இருக்கட்டும் என்று ஆட்டக்காரர்களின் எண்ணையே குறைத்த விளையாட்டு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சர்வதேச ஆட்டத்தில் 2014க்குப் பிறகு கட்டுத் தளர்ந்தது. 0, 00, 1 முதல் 99 வரை எதையும் போட்டுக்கொள்ளலாம். 27 என்றால் நடுவர் முதலில் புறங்கையைத் திருப்பி 2 காட்டுவார், பிறகு உள்ளங்கைப் பக்கமாக 7. எங்கள் ஊரில் புறங்கையைத் திருப்பிக் காட்டினால் 'போய்யா' என்று பொருள். 27ஆம் நம்பர் பெண்ணின் மாமா ஒருவர் இதனால் கொஞ்ச நேரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது மொத்தம் 13 விதிகள். அதிலேயே ஆளைப் பார்க்க ஒருவர், பந்தைப் பார்க்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துவிட்டார். இப்போது பெரிய ஆட்டங்களுக்கு மூன்று பேர், எங்கள் பக்கம் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விசில் அடித்துவிட்டால் அவசரப்பட்டு எதையும் காட்டக்கூடாது. முஷ்டியை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, யாருக்கு அந்த இடம் கிட்டமோ அவர் மட்டும் மேலே போக வேண்டும். ஒருவர் இடுப்பில் கைவைத்து, இன்னொருவர் உள்ளங்கையில் குத்தினால் ஒரே மோதலுக்கு இரண்டு குற்றவாளிகள் ஆகிவிடுவார்கள். பிள்ளை வளர்க்கும் வீடுகளில் இந்த ஏற்பாடு இல்லை. அப்பா போகலாம் என்பார், அம்மா போகக்கூடாது என்பாள். இருவரும் அடித்த விசில் அப்படியே காற்றில் நிற்கும்.

கையும் விசிலும் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் இருக்கிறது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும். நடுவர்களில் ஒருவர் பிரேசில்காரர், மற்றவர் பல்கேரியர். மூன்று விநாடி பாக்கி இருக்கும்போது அமெரிக்கா 50-49 என்று முந்தியது. சோவியத் தரப்பு, நாங்கள் டைம் அவுட் கேட்டோம், யாரும் கவனிக்கவில்லை என்று மேசையைச் சூழ்ந்துகொண்டது. சர்வதேசக் கூட்டமைப்பின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கீழே இறங்கிவந்து மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். அவர் நடுவர் இல்லை. ஆனாலும் மூன்று விநாடி திரும்பி வந்தது. கடிகாரத்தைச் சரிசெய்வதற்குள் ஆட்டம் தொடங்கி, மணி அடித்து, அமெரிக்கர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இல்லை, மறுபடியும் மூன்று விநாடி. இந்தத் தடவை எடெஷ்கோ இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வீசிய பந்தை பெலோவ் கூடையில் போட்டார். 51-50. பிரேசில் நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். அமெரிக்க அணி வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை வாங்கவில்லை. இது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் தரத்துக்குக் குறைந்ததல்ல என்று பெருமையாகவே சொல்லலாம்.

விசிலே கைவிட்ட கதையும் உண்டு. 1984இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் கனடா நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் முக்கியமான கட்டத்தில் ஊதினார், சத்தமே வரவில்லை. உள்ளே இருந்த குட்டி உருண்டை சிக்கிக்கொண்டது. கூட்டம் கொந்தளித்தது. ஊருக்குத் திரும்பியவர் உருண்டையே இல்லாத விசில் ஒன்றைச் செய்யவைத்து, 1987இல் 'ஃபாக்ஸ் 40' என்ற பெயரில் கொண்டுவந்தார். இன்று உலகமெங்கும் பல நடுவர்கள் ஊதுவது அதைத்தான்.

எங்கள் ஊரிலும் விசிலுக்குப் பஞ்சமில்லை. தேய்பிறை அஷ்டமி அன்று காலபைரவரைப் பார்க்கவும், சாம்பல் பூசணியில் விளக்கேற்றவும் எங்கெங்கிருந்தோ கார்கள் வந்து குவியும். சாலையோரம் ஒரு பையன் விசிலோடு நிற்பான். உருண்டை உள்ள விசில்தான், நன்றாகவே வேலை செய்யும். சைகை ஒன்றே ஒன்று. வா, போ, நில், திரும்பு, உன் வண்டியை எவன் இங்கே விடச் சொன்னான் எல்லாவற்றுக்கும் ஒரே கைவீச்சு. அவனைத் தம்பி மகளுடைய நடுவரிடம் ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கையை வீசினான். அதில் எந்த அர்த்தம் என்று விளங்கவில்லை.

சரி, வீட்டிலாவது சீர்திருத்தம் செய்வோம் என்று, இனிமேல் யார் யாரைக் குற்றம் சொன்னாலும் ஆள், குற்றம், தண்டனை மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அறிவித்தேன். முதலில் பக்கத்து வீட்டு அண்ணனிடமே போனேன். "அண்ணே, என் கிளை, உங்க ஓட்டுமேல, என் தப்பு, ரெண்டு கட்டு காய் தர்றேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் எப்பப்பா உன்னைக் குத்தம் சொன்னேன்? முருங்கை நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னது தப்பா?" இதைச் சமாதானம் செய்ய என் மனைவியே நேரில் போக வேண்டியிருந்தது.

திரும்பி வந்தவள் நிலைப்படியில் நின்றாள். கை எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

"பிளாக்கிங்" என்றேன்.

"ஒருத்தருக்கு அஞ்சு ஃபவுல் ஆச்சுன்னா வெளிய அனுப்பிடுவாங்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"இன்னிக்கு உங்களுக்கு எத்தனை ஆச்சுன்னு கணக்கு வெச்சிருக்கீங்களா?"

இல்லை. ஸ்கோர் ஷீட் எப்போதும் அவளிடம்தான். மைதானத்தில் ஒரு குவார்ட்டரில் ஒரு அணிக்கு நாலு ஃபவுல் ஆனதும் மேசைமேல் சிவப்பு அடையாளம் வைப்பார்கள். அடுத்த குவார்ட்டரில் கணக்குப் புதிதாகத் தொடங்கும். எங்கள் வீட்டுக் கணக்குக்குக் குவார்ட்டர் கிடையாது. கல்யாணத்தன்று தொடங்கியது, ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாவட்ட ஆட்டங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மைதானத்து வாசலில் இந்தச் சைகைகளைப் பெரிதாக வரைந்து ஒரு பலகை வையுங்கள். பெரியப்பாக்களும் மாமாக்களும் சண்டைக்கு நிற்பது குறையும். வாசகர்களுக்கும் ஒன்று. பந்து தட்டும் சத்தம் எங்காவது கேட்டால் வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள். விசில் கேட்டதும் கூடையைப் பார்க்காதீர்கள், நடுவரின் கையைப் பாருங்கள். மூடியிருந்தால் ஃபவுல், விரிந்திருந்தால் வயலேஷன். பாதி ஆட்டம் அதிலேயே புரிந்துவிடும்.