வெட்டின குச்சி காயட்டும்

கே: சப்பாத்திக்கள்ளியும் சதுரக்கள்ளியும் ஒரே குடும்பம்தானே? (திருமங்கலம் வாசகர்)

ப: பேரில் மட்டும்தான் உறவு. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியது. சதுரக்கள்ளி நம் கரட்டு நிலத்துக்காரி. ஆமணக்கும் மரவள்ளியும் அவளுக்குப் பங்காளிகள். முள்ளை எண்ண வேண்டாம், ஊசியால் ஒரு குத்து போதும். பால் வடிந்தால் சதுரக்கள்ளி.

கே: நர்சரியில் யூபோர்பியா என்று விற்கிற கிறிஸ்துமுள்ளில் குச்சி ஒடித்து மூன்று தடவை நட்டேன். மூன்றும் அழுகிவிட்டன. என்ன தப்பு? (தேனி வாசகி)

ப: ஒடித்த அன்றைக்கே நட்டிருப்பீர்கள். அன்றைக்கே தண்ணீரும் ஊற்றியிருப்பீர்கள்.

கூரான கத்தியால் அரைச் சாண் குச்சியாக வெட்டுங்கள். வெட்டுவாயில் பால் முத்து முத்தாகத் திரளும். தண்ணீரில் முக்கினால் நின்றுவிடும். பிறகு நிழலில் ஒரு வாரம் சும்மா போடுங்கள். விரலால் தடவினால் வெட்டுவாய் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். பச்சைப் புண்ணோடு ஈரமண்ணில் இறங்கும் குச்சி பூஞ்சணத்துக்குத்தான் சாப்பாடு.

ஆற்றுமணல் பாதி, செம்மண் பாதி, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி. நட்டு நாலைந்து நாள் தண்ணீர் காட்டாதீர்கள். அப்புறமும் மேல்மண் காய்ந்தால்தான். நுனியில் துளிர் வந்ததும் வேர் விட்டுவிட்டது என்று நம்பிவிட வேண்டாம், தண்டிலிருக்கும் சத்திலேயே துளிர்க்கும். ஒரு மாதம் கழித்து லேசாக இழுத்துப் பாருங்கள். மண் விடமாட்டேன் என்று பிடித்தால் வேர் வந்தாயிற்று. அடைமழை மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். மடகாஸ்கர் தீவின் வறண்ட காட்டில் பிறந்த செடி அது.

கே: கள்ளிப்பால் கண்ணில் பட்டால்? (கரூர் வாசகர்)

ப: ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள், கையோடு கண் மருத்துவரிடம் போங்கள். கைவைத்தியம் கூடவே கூடாது, கருவிழி புண்ணாகிவிடும். வெட்டும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

கே: டிசம்பரில் செக்கச்செவேலென்று வாங்கிய பாயின்செட்டியா, மறு வருஷம் பச்சையாகவே நிற்கிறதே? (கோவை வாசகி)

ப: வாசல் விளக்கு வெளிச்சம் அதன்மேல் விழுகிறதா? அந்தச் சிவப்பு பூவே இல்லை, இலை. பூ நடுவில் மஞ்சள் மணியாக இருக்கும். இந்த மெக்சிகோ செடிக்கு இரவு நீண்டால்தான் நிறம் ஏறும். அக்டோபரிலிருந்து இரண்டு மாதம், ராத்திரி 13, 14 மணி நேரம் முழு இருட்டில் வையுங்கள்.

கே: தொட்டியில் அம்மான் பச்சரிசி தானாக முளைக்கிறது. பிடுங்கிவிடவா? (சிவகாசி வாசகர்)

ப: அதுவும் யூபோர்பியா இனம்தான், கிள்ளினால் பால் வரும். காய் வெடித்து விதை தெறிப்பதால் பக்கத்துத் தொட்டிக்கும் போய்விடும். மற்றதைப் பிடுங்குங்கள், ஒன்றை விடுங்கள். குனிந்து பாருங்கள்: கணுவுக்குக் கணு, நொய்யரிசி அள்ளி வைத்தாற்போல் பூங்கொத்து.