பேராண்டிக்கும் அவன் தூண்டிலுக்கும்

ஏங் கண்ணு, மைலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துல வீடு இருந்தா மீனைப் பத்தி எல்லாமே தெரிஞ்சு போயிருமா? ஆன்லைன்ல தூண்டில் வாங்கியிருக்கற. அதுக்கொரு சக்கரம், தோளுக்கு ஒரு பையி, மேலுக்குக் கூலிங்கிளாஸு. கூலிங்கிளாஸு எதுக்கு சாமி? மீனு உன்னை அடையாளம் கண்டுபோட்டுப் போலீஸுக்குச் சொல்லிருமா?

பிடிச்ச மீனை போட்டோ எடுத்துட்டுத் தண்ணியிலயே திருப்பி விட்டுருவேங்கற. நெம்ப நல்லது. நான் அப்படி வெறுங்கையோட வந்திருந்தா உன்ற அம்முச்சி அன்னிக்குச் சோறு போட்டிருக்க மாட்டா. சேத்துப்பட்டு ஏரியில மீன்வளத் துறைக்காரங்களே காசு வாங்கிட்டுத் தூண்டில் போட விடறாங்களாமே, அங்க போய் ஆசைதீர உக்காரு. அதுல எனக்கொரு வம்பும் இல்லை.

ஆனா சிநேகிதங்க எல்லாம் காசு சேத்து, மகசீர் குஞ்சு பாக்கெட் பாக்கெட்டா வாங்கி, நம்மூரு மாயாத்துல விடப் போறோம், வனஉயிர்ப் பாதுகாப்புங்கற பாரு, அங்கதான் என்ற காது கொஞ்சம் அரிக்குது.

குஞ்சு பொரிக்கிறவங்களை நான் குறை சொல்லலை. உன்ற வீட்டுல இருந்து ஆட்டோ ஏறினா சாந்தோம் ஹைரோட்டுல உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்குது, 1987ல ஆரம்பிச்சது. பொரிப்பகம் முட்டுக்காட்டுல. 1997ல கொடுவா மீனைத் தொட்டியிலயே வளர்த்து, ஊசி மருந்துல முட்டை விட வெச்சாங்க. கொடுவா கெட்டிக்கார ஜென்மம். ஆணா வளர்ந்து, வயசு கூடுனாப் பொண்ணா மாறிரும். அதும் குஞ்சுங்க கூடப்பொறந்ததையே முழுங்கும். அதனால பெருசு வேற தொட்டி, சிறுசு வேற தொட்டின்னு விடாம பிரிச்சுக்கிட்டே இருக்கோணும். நம்ம பங்காளிக சொத்துப் பிரிச்சப்ப இப்படி ரெண்டு தொட்டி இருந்திருந்தா வக்கீல் செலவு மிச்சம்.

2015ல பால்கெண்டையவும் பொரிச்சுட்டாங்க. அதுக்கு முன்ன வளர்க்கிறவங்க முகத்துவாரத்துல வலை போட்டுக் குஞ்சை அள்ளிட்டு வரோணும். தொட்டியில கிடைச்சா கடல்ல அள்ளற வேலை குறையும். பொரிப்பகம் காட்டுமீனைக் காப்பாத்தறதுன்னா இதுதான், ஒப்புக்கறேன்.

ஆத்துல கொண்டுபோய் விடற கதை வேற. காவேரியில திமிலு வெச்ச மகசீர் ஒண்ணு இருக்குது, ஆரஞ்சுத் துடுப்பு. 1946ல மைசூர்ல வான் இங்கன்னு ஒருத்தர் 120 பவுண்டு மீனைத் தூண்டில்லயே இழுத்தாரு. ஐம்பத்திநாலு கிலோ! உன்ற எடையில பாதிக்கு மேல. லோனாவாலாவுல டாடா மின்சாரக் கம்பெனி 1970கள்ல மகசீர் பொரிக்க ஆரம்பிச்சது. அது நீலத்துடுப்பு, கிருஷ்ணா பக்கத்து மீனு. காவேரியில மீன் குறையுதேன்னு வெசனப்பட்ட தூண்டில் சங்கத்துக்காரங்க, கர்நாடகப் பக்கம் அந்தக் குஞ்சைக் கொண்டாந்து விட்டாங்க. நல்ல எண்ணந்தான். நீலம் பெருகுச்சு, ஆரஞ்சு அருகிப் போச்சு. அணை, மணலு, தோட்டா இதுகளுக்கும் அதுல பங்கு உண்டு. ஆனா வந்த விருந்தாளி திண்ணையில உக்காந்தாத் தேவலை, அடுப்படியே அவனுதாயிருச்சு.

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு கேளு. தூண்டில் முகாம்கள்ல எந்த மீனு, என்ன எடைன்னு எழுதி வெச்ச நோட்டுப் புஸ்தகம்! போட்டோ எடுத்துட்டு மறக்கற உன்னையாட்டம் இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

அந்தத் திமில் மீனுக்குச் சரியான பேரு எதுன்னு 2018லதான் முடிவாச்சு. டார் ரேமாதேவி. ரேமாதேவிங்கறவங்க இந்திய விலங்கியல் ஆய்வகத்துல இருந்த மீன் விஞ்ஞானி. அந்த ஆய்வகத்தோட சென்னை ஆபீஸும் அதே சாந்தோம் ஹைரோட்லதான் கண்ணு! நீ பைக்ல தாண்டிப் போற ரோடு. அதே வருசம் அழியற விளிம்புல இருக்கற பட்டியல்ல மீனையும் சேத்துட்டாங்க. மிச்சம் இருக்கற சில இடத்துல நம்ம மாயாறும் ஒண்ணு. நீ பாக்கெட்டோட போகப் பாக்கற அதே ஆறு! அது புலிகள் காப்பகத்துக்குள்ள ஓடுது, தூண்டிலோட போனா வனத்துறைக்காரங்க காபி குடுத்து வரவேற்க மாட்டாங்க, சொல்லிப்போட்டேன்.

ஜிலேபி மீனும் 1952ல வந்த வெளிநாட்டு விருந்தாளிதான். இன்னிக்கு எந்த ஏரியில அது இல்லை? உன்ற தங்கச்சி வளர்க்கறாளே, தொட்டி கழுவற மீனு, அது பெருசாகிட்டா ஏரியில விட்டுரலாம்னு ஒரு யோசனை வரும். வரக் கூடாது.

குஞ்சு விட்டே ஆகோணும்னு கை துறுதுறுன்னா, விக்கறவன்கிட்ட ஒரே கேள்வி கேளு: இதுக்குத் தாய்மீனு எந்த ஆத்துல பிடிச்சது? அதே ஆத்துலன்னு சொல்லி எழுதியும் குடுத்தான்னா, மீன்வளத் துறையக் கேட்டுட்டு அப்புறம் மேக்கொண்டு பேசு. முழிச்சான்னா பணத்தைத் திருப்பி வாங்கிட்டு வந்துரு.