ஓசிச் சோறும் ஒரு ‘ஹெல்ப்’பும்

2002 வரை லினக்ஸ் கெர்னலுக்கு உலகெங்கிலும் இருந்து பேட்ச்கள் (நிரல் திருத்தங்கள்) மின்னஞ்சலில் வந்து குவியும். லினக்ஸை உருவாக்கிய லீனஸ் டோர்வால்ட்ஸ் கையால் பொறுக்கிச் சேர்ப்பார். சேர்க்காதது காணாமல் போகும். அனுப்பினவர் மறுபடி அனுப்புவார், அதுவும் போகும். நிரல் மாற்றங்களைக் கணக்கில் வைக்க சி.வி.எஸ். என்றொரு கட்டற்ற கருவி இருந்தது. லீனஸுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அதே வேலையைச் செய்யும் தன் பிட்கீப்பர் கருவியை லாரி மெக்வாய் நீட்டினார். காசு வேண்டாம், மூலநிரல் கிடையாது, போட்டிக் கருவி எதையும் உருவாக்கக் கூடாது. சத்திரத்தில் சோறு போட்டுவிட்டு, இனி வீட்டில் அடுப்பு மூட்டமாட்டேன் என்று எழுதி வாங்கின மாதிரி!

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் கொதித்தார். எவ்வளவு நன்றாக ஓடினாலும் மூலநிரலை மறைப்பது தப்பு என்பது அவர் கட்சி. கெர்னல் நிரலாளர் ஆலன் காக்ஸும் தொடமாட்டேன் என்று ஒதுங்கினார். வேலை நடக்கிறதா, பிறகென்ன என்றார் லீனஸ். நடக்கத்தான் செய்தது. ஸ்டால்மனிடம் கருவி இல்லை. உபதேசம் மட்டும் தாராளம்.

மூன்று வருஷம் கழித்து, சாம்பா மென்பொருளை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிட்கீப்பர் சர்வரை டெல்நெட்டில் தொட்டு ‘ஹெல்ப்’ என்று அடித்தார். அது சமர்த்தாகக் கட்டளைப் பட்டியலை ஒப்பித்தது. மகா துப்பறியும் சாகசம் இவ்வளவுதான். தன் கருவியைத் துருவுகிறார் என்று மெக்வாய்க்குக் கோபம் வந்தது. ஓசிப் பந்தி மூடியது. லீனஸோ பந்தியை மூடியவரை விட்டுவிட்டு டிரிட்ஜெல்லைத் திட்டினார். 2005 ஏப்ரலில் கான்பெரா மாநாட்டு மேடையில் டிரிட்ஜெல் அதைச் செய்துகாட்டியபோது, என்ன அடிக்க வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டமே ‘ஹெல்ப்’ என்று கத்தியது.

சோறு நின்றதும் நடைமுறைவாதிக்கு வேகம் வந்துவிட்டது. அதே ஏப்ரல் 3இல் லீனஸ் எழுதத் தொடங்கிய ‘கிட்’ கருவி, 7ஆம் தேதி தன் நிரல் மாற்றங்களைத் தானே கணக்கில் வைத்தது. ஜூனில் கெர்னல் 2.6.12 அதன்வழி வெளிவந்தது. ஸ்டால்மன் மெக்வாய்க்கு நன்றி சொல்லி ஒரு கட்டுரையே எழுதினார். ஊசி ஏற்றுவதில் மனிதர் கெட்டிக்காரர். நன்றிக்கு உரியவர் மெக்வாய்தான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மூன்று வருஷ உபதேசம் எழுத வைக்காததை அவர் கோபம் ஒரே வாரத்தில் எழுத வைத்தது.

2016இல் பிட்கீப்பரும் அப்பாச்சி உரிமத்தில் மூலநிரலைத் திறந்தது. எட்டிப் பார்க்க ஆளில்லை. கட்டற்ற ‘கிட்’டைக் கொண்டாடியவர்களில் பாதிப்பேர் ‘கிட்’ நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் குடியேறியிருந்தார்கள். கிட்ஹப்பின் மூலநிரல் எங்கே என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “நல்லாத்தானே ஓடுது?” என்பார்கள்.